நஷ்டஈடு என்கிற லாட்டரிச் சீட்டு

ஆட்டியா என்ற பெயரைக் கேட்டால் கணக்கு மேஜர் நண்பர்களுக்கு மைக்கேல் ஆட்டியாதான் ஞாபகத்துக்கு வருவார். 1966இல் ஃபீல்ட்ஸ் பதக்கம், 2004இல் ஏபெல் பரிசு என்று கணித உலகின் பெரிய பரிசுகளை எல்லாம் வாங்கிய மேதை. அவருக்கு ஒரு தம்பி இருந்தார். பெயர் பேட்ரிக் ஆட்டியா. சட்டப் பேராசிரியர். 1931இல் பிறந்து 2018 மார்ச் மாதம் மறைந்தார்.

அண்ணன் போட்ட கணக்கு புரிய வேண்டுமானால் பல வருஷம் படிக்க வேண்டும். தம்பி கையில் எடுத்த கேள்வி எல்லோருக்கும் புரியும். ஒருத்தருக்கு அடிபட்டுவிட்டது. கால் போனது, கூடவே வேலையும் போனது. இனி அவர் வீட்டில் அடுப்பு எரிய யார் பணம் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்துச் சட்டம் வைத்திருந்த பதில் ஒரு லாட்டரி என்றார் பேட்ரிக் ஆட்டியா. அதை 1970இல் ஒரு தடிமனான புத்தகமாக எழுதினார். 27 வருஷம் கழித்து, 1997இல், இன்னொரு புத்தகம் எழுதி அதே லாட்டரியை இன்னும் காரமாகத் திட்டினார். ஆனால் அதற்கு மாற்றாக அவர் சொன்னது இந்த முறை வேறாக இருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது அஞ்சலிக் கட்டுரை இல்லை. 1970இல் ஆட்டியா சொன்னது சரி. 1997இல் அவர் சொன்ன மருந்து தப்பு. "அவரே மனசை மாத்திக்கிட்டாரே, அப்புறம் என்ன?" என்று காரணம் காட்டி ஒன்றுமே செய்யாமல் இருப்பது எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு.

ஊர் ஊராகப் போன வாத்தியார்

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். அப்பா எட்வர்ட் ஆட்டியா லெபனான்காரர், எழுத்தாளர். அம்மா ஸ்காட்லாந்துக்காரர். அப்பா சூடானில் வேலை பார்த்ததால் பிள்ளைகளின் சின்ன வயது கார்ட்டூம் நகரத்தில் கழிந்தது. பேட்ரிக் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தார். 1954இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஒரு வருஷம் பாடம் நடத்திவிட்டு, 1955இல் கார்ட்டூம் பல்கலைக்கழகத்துக்கே விரிவுரையாளராகத் திரும்பிப் போனார். அவர் போன சில மாதத்தில், 1956 ஜனவரி 1ஆம் தேதி, சூடான் சுதந்திர நாடானது.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தகவல். பிரிட்டிஷ்காரர்கள் 1899இல் சூடானுக்குக் கொடுத்த தண்டனைச் சட்டம் நம்ம இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. லண்டனில் தைத்த சட்டையைக் கல்கத்தா, கார்ட்டூம் என்று எல்லோருக்கும் மாட்டிவிட்ட காலம் அது. சட்டை யாருக்குச் சரியாக இருக்கிறது, யாருக்கு இறுக்கிப் பிடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கார்ட்டூமில் இருந்தபோதே 1957இல் அவருடைய முதல் பெரிய புத்தகம் வந்தது. சரக்கு விற்பனைச் சட்டம் பற்றியது. மெர்கன்டைல் லா பேப்பர் எழுதிய காமர்ஸ் நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம் :-) நாம் படிக்கும் 1930ஆம் வருஷத்து இந்தியச் சட்டத்துக்கு மூலமான அதே ஆங்கிலேயச் சட்டம்தான் அவர் எழுதிய விஷயம்.

1959இல் கானாவுக்குப் போய் அந்த அரசின் சட்டத் துறையில் இரண்டு வருஷம் வேலை. கானா குடியரசானது 1960 ஜூலையில், அவர் அங்கே இருந்தபோதுதான். பிறகு லண்டனில் வர்த்தக வாரியத்தில் அரசாங்க உத்தியோகம். 1964இல் ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜ். 1970இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் பேராசிரியர். 1973இல் இங்கிலாந்தின் வார்விக். 1977இலிருந்து 1988 வரை மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு, இந்தத் தடவை ஆங்கிலச் சட்டப் பேராசிரியர் பதவியில். அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் சம்மர்ஸோடு சேர்ந்து இரண்டு நாட்டுச் சட்டங்களையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமும் 1987இல் எழுதினார்.

சட்டக் கல்லூரிகளில் அவரை ஒப்பந்தச் சட்ட மேதை என்று கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும், அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு ஏற்கெனவே வக்கீல் இருக்கிறார். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? அவருக்காக எழுதியது 1970ஆம் வருஷத்துப் புத்தகம்.

மூன்று வீடு, மூன்று சக்கர நாற்காலி

லாட்டரி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டிலும் ஒருத்தருக்கு முதுகுத்தண்டு போய் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

முதல் வீட்டுக்காரர் மேல் கவனமில்லாமல் ஓட்டி வந்த கார் மோதியது. டிரைவர் மேல் தப்பு என்று நிரூபித்துவிட்டார். பல லட்சம் பவுண்டு நஷ்டஈடு.

இரண்டாவது வீட்டுக்காரர் மேலும் கார்தான் மோதியது. ஆனால் அந்த டிரைவருக்குத் திடீரென்று மாரடைப்பு. முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லை. கவனக்குறைவு இல்லை என்பதால் சட்டப்படி தப்பும் இல்லை. நஷ்டஈடு பூஜ்யம்.

மூன்றாவது வீட்டுக்காரருக்கு விபத்தே இல்லை. முதுகுத்தண்டில் ஒரு நோய். வழக்குப் போட எதிராளியே கிடையாது.

இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் அரசு ஆஸ்பத்திரி உண்டு, அரசு உதவித்தொகை கொஞ்சம் உண்டு. முதலாமவருக்கு அதெல்லாம் இருந்து அதற்கு மேல் பல லட்சமும் உண்டு. மூன்று பேருக்கும் வேண்டிய சக்கர நாற்காலி ஒரே விலை. மூன்று பேர் வீட்டிலும் மாடிப்படியை மாற்றி அமைக்க ஆகும் செலவும் ஒன்று. பின்னே எதற்கு இந்த வித்தியாசம்?

"முதலாமவருக்குத் தப்புச் செய்தவன் கொடுக்கிறான். மற்றவர்களுக்குத் தப்புச் செய்தவன் இல்லையே?" என்று பதில் வரும். நியாயமான பதில் மாதிரிதான் தெரியும். அந்தத் தப்புச் செய்தவன் உண்மையிலேயே பணம் கொடுக்கிறானா என்று பார்க்கிற வரைக்கும்.

தப்பு அவனுடையது, பில் நம்முடையது

இங்கிலாந்தில் மூன்றாம் நபர் காப்பீட்டை 1930ஆம் வருஷச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் கொடுக்க, கம்பெனிகள் சேர்ந்து 1946இல் ஒரு பொது அமைப்பையும் தொடங்கின. தொழிலாளிகளுக்காக முதலாளிகள் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற சட்டம் 1969இல் வந்து 1972இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, ரோட்டிலோ தொழிற்சாலையிலோ தப்புச் செய்தவர் தன் பாக்கெட்டில் இருந்து நஷ்டஈடு கொடுப்பது அபூர்வம். கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பிரீமியம் கட்டும் எல்லோரிடமும் இருந்து. ஒழுங்காக ஓட்டுகிறவரிடம் இருந்தும்தான். தப்புச் செய்தவருக்கு அதிகபட்ச நஷ்டம் நோ க்ளெய்ம் போனஸ் போவது.

இதை நீதிபதிகளும் தெரிந்தேதான் செய்தார்கள். 1971இல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டில் ஒரு வழக்கு. கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒருவர், தன்னால் முடிந்த அளவு கவனமாக ஓட்டியும் விபத்து நடந்து, சொல்லிக்கொடுத்தவருக்கு அடிபட்டது. கற்றுக்குட்டியிடமும் தேர்ந்த டிரைவரின் திறமையைத்தான் எதிர்பார்க்க முடியும் என்று கோர்ட் தீர்ப்பளித்தது. நீதிபதி டென்னிங் பிரபு மறைக்காமலே சொன்னார்: தார்மீக ரீதியில் இவர் மேல் குற்றமில்லை, ஆனால் இன்சூரன்ஸ் இருப்பதால் சட்டப்படி இவர் பொறுப்பாக வேண்டும்.

இதற்கு என்ன அர்த்தம்? 'தப்பு' என்ற சொல்லுக்கு ஒழுக்கத்தோடு இருந்த உறவு அறுந்து ரொம்ப நாளாகிவிட்டது. அது இப்போது இன்சூரன்ஸ் பெட்டகத்தைத் திறக்கும் சாவி. அடிபட்டவரிடம் சாவி இருந்தால் பணம், இல்லாவிட்டால் கிடையாது. ஆட்டியா புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சட்டத்தை வரி வரியாகப் படிக்காமல், பணம் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று அவர் பின்தொடர்ந்து போனார். காமர்ஸ்காரன் புத்தி என்றே சொல்லலாம்.

பின்தொடர்ந்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும். நஷ்டஈட்டில் பெரிய பங்கு இழந்த சம்பளத்துக்கானது. பேங்க் அதிகாரிக்குக் கால் உடைந்தால் பெரிய தொகை. துப்புரவுத் தொழிலாளிக்கு அதே கால் உடைந்தால் சின்னத் தொகை. ஆனால் மூன்றாம் நபர் பிரீமியத்தை நிர்ணயிப்பது, கட்டுகிறவர் யார் மேல் மோதக்கூடும் என்பதை வைத்து. அவருடைய சொந்தச் சம்பளத்தை வைத்து இல்லை. அதனால் துப்புரவுத் தொழிலாளி தன் பழைய காருக்குக் கட்டும் பிரீமியத்தில் ஒரு பகுதி பேங்க் அதிகாரியின் காலுக்குப் போகிறது. ஏழை பணக்காரனுக்கு மானியம் கொடுக்கிறான். இதைத்தான் நீதி என்ற பெயரில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பவுண்டு கொடுக்க 85 பென்ஸ்

1958இலிருந்து 1961 வரை பிரிட்டனில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்றார்கள். கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கையும் காலும் வளராமல் குழந்தைகள் பிறந்தன. கம்பெனியின் கவனக்குறைவை நிரூபிப்பது கஷ்டம் என்பதால், 1968இல் 62 குடும்பங்கள் வழக்கில் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் 40 சதவீதத்துக்குச் சமரசம் ஆக வேண்டி வந்தது. 1972இல் சண்டே டைம்ஸ் பத்திரிகை விடாமல் எழுதிய பிறகுதான் தொகை கூடியது. அந்தக் கொந்தளிப்பில்தான் அரசு பியர்சன் பிரபு தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைத்தது.

கமிஷன் 1978இல் அறிக்கை கொடுத்தது. அதில் இருந்த இரண்டு எண்களை மனப்பாடமே செய்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது: நாலு நாளோ அதற்கு மேலோ வேலைக்குப் போக முடியாதபடி அடிபட்டவர்களில், கோர்ட் வழி நஷ்டஈடு வாங்கியவர்கள் நூற்றுக்கு ஆறரை பேர்தான்.

இரண்டாவது: அடிபட்டவருக்கு ஒரு பவுண்டு போய்ச் சேர, வக்கீல் ஃபீஸ், இன்சூரன்ஸ் நிர்வாகம் என்று இந்த ஏற்பாட்டை நடத்த ஆன செலவு 85 பென்ஸ். அரசு சமூகக் காப்பீட்டுத் திட்டத்தில் அதே ஒரு பவுண்டுக்கு ஆன செலவு 11 பென்ஸ்.

நூறு ரூபாய் மணியார்டர் அனுப்ப 85 ரூபாய் கமிஷன் கேட்டால் அந்த போஸ்ட் ஆபீஸ் பக்கம் யாராவது போவார்களா? அப்படிப்பட்ட ஏற்பாட்டை ஒரு நாடே கட்டிக்கொண்டு அழுதது.

சரி, இதைக் கண்டுபிடித்த கமிஷன் என்ன சொன்னது? வழக்கு முறை இருக்கட்டும், ரோடு விபத்துக்கு மட்டும் பெட்ரோல் மேல் சின்ன வரி போட்டு, தப்பு யாருடையது என்று கேட்காமல் கொடுக்கலாம் என்றது. அதையும் அரசு செய்யவில்லை. கிணறு வெட்டச் சொன்னவனுக்கு ஒரு குடம் தண்ணீர் தருவதாகச் சொல்லிவிட்டு, அந்தக் குடத்தையும் கவிழ்த்து வைத்த கதை.

செய்து காட்டிய நாடு

"இதெல்லாம் பேசலாம், நடக்குமா?" என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்து இருக்கிறது.

அங்கே நீதிபதி ஓவன் உட்ஹவுஸ் தலைமையிலான கமிஷன் 1967இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. சமுதாயம் முழுக்க வேலை செய்து, வண்டி ஓட்டி, விளையாடிப் பலன் அடைகிறது. அதில் சிலருக்கு அடிபடுவது தவிர்க்க முடியாதது. ஆகவே அந்த அடியின் பாரத்தையும் சமுதாயமே சுமக்க வேண்டும். அறிக்கையின் சாரம் இதுதான். 1972இல் சட்டம். 1974 ஏப்ரல் 1இல் அமல். அன்றிலிருந்து நியூசிலாந்தில் உடல் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை, ரொம்பச் சில விதிவிலக்கு தவிர, கிடையாது. பதிலுக்கு, வேலை செய்யும் இடமோ ரோடோ விளையாட்டு மைதானமோ சொந்த வீட்டுக் குளியலறையோ, எங்கே அடிபட்டாலும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாவிட்டால் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு வருமானத்தில் 80 சதவீதம் உண்டு. முதலாளிகள், சம்பளக்காரர்கள், வாகன ஓட்டிகள் கட்டும் தீர்வையும் அரசுப் பணமும் இதை நடத்துகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1972இல் முதலில் வந்த சட்டம் சம்பாதிக்கிறவர்களையும் வாகன விபத்தில் அடிபட்டவர்களையும் மட்டும்தான் சேர்த்துக்கொண்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் வெளியே நின்றார்கள். அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு 1973இல் சட்டத்தைத் திருத்தி அவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆட்டியா கான்பெராவில் இருந்த நேரத்தில் பக்கத்து நாட்டில் இது உருவாகிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலும் காற்று வீசியது. 1972 டிசம்பரில் பிரதமரான காஃப் விட்லம் அதே உட்ஹவுஸை அழைத்து அறிக்கை கேட்டார். நியூசிலாந்தையும் மிஞ்சி, நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் 1974இல் தயாரானது. மசோதா செனட்டைத் தாண்டவில்லை. 1975 நவம்பரில் கவர்னர் ஜெனரல் விட்லம் அரசையே கலைத்தார். திட்டமும் அதோடு போனது. முதல் வீட்டுக்காரரையும் மூன்றாவது வீட்டுக்காரரையும் சமமாகப் பார்த்திருக்கக்கூடிய சட்டம் அது.

1997: கிழவர் ஏன் சறுக்கினார்?

1988இல் ஆட்டியா பதவியில் இருந்து விலகினார். 1997இல் நஷ்டஈட்டு முறையையே லாட்டரி என்று தலைப்பில் வைத்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சட்டம் படிக்காதவர்களுக்காக எழுதியது. பாதிக்கு மேல் அற்புதம். எதற்கெடுத்தாலும் யார் மேலாவது பழி போடும் பழக்கத்தை இந்தச் சட்டம் வளர்க்கிறது, கடைசியில் எல்லாப் பில்லையும் கட்டுவது பொதுமக்களே என்று வெளுத்து வாங்கினார்.

முடிவில் மருந்துச் சீட்டு எழுதும்போதுதான் பேனா வழுக்கியது. காயத்துக்கான வழக்கு முறையை ஒழித்துவிடுவோம். ரோடு விபத்துக்கு மட்டும், தப்பைப் பார்க்காத கட்டாயக் காப்பீடு. மற்ற எல்லாவற்றுக்கும் அவரவர் தனக்குத் தானே சந்தையில் பாலிசி வாங்கிக்கொள்ளட்டும். வேண்டும் என்கிறவர் வாங்குவார், வேண்டாம் என்கிறவர் அரசு தருவதோடு இருப்பார். இதுதான் அவர் முடிவு.

அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். தனக்குத் தானே எடுக்கும் காப்பீட்டில் ஏழை பணக்காரனுக்கு மானியம் கொடுக்கும் அநியாயம் இல்லை. பெரிய சம்பளக்காரர் பெரிய பிரீமியம் கட்டுவார். தப்பு யாருடையது என்று விசாரிக்கும் செலவும் மிச்சம். இதெல்லாம் உண்மை. தவிர, எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் திட்டத்துக்காக அவர் கால் நூற்றாண்டு காத்திருந்தார். எந்த அரசும் பக்கத்தில்கூட வரவில்லை. சலிப்பு வந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இன்சூரன்ஸ் பேப்பரில் பாஸ் மார்க் வாங்கிய யாருக்கும் இதில் இருக்கும் ஓட்டை தெரியும். பாலிசியை வாங்கப் போவது யார்? மாதக் கடைசியில் கையில் காசு மிஞ்சுகிறவர். மிஞ்சாதவர் வாங்க மாட்டார். அவர்தான் உயரமான சாரத்தில் ஏறி வேலை செய்கிறவர், அவருக்குத்தான் அடிபட வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர் விண்ணப்பித்தால் கம்பெனி பிரீமியத்தை ஏற்றும், இல்லை கதவைச் சாத்தும். ஆபத்து அதிகம் இருப்பவர்களே வந்து சேருகிறார்கள் என்று தெரிந்தால் எல்லோருக்குமே விலையைக் கூட்டும். விலை கூடினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள். இந்தச் சுழலைப் பாடப் புத்தகத்தில் வரைபடம் போட்டே காட்டியிருக்கிறார்கள். நாலு வயதுக் குழந்தை பாலிசி எடுக்குமா? சம்பளமே இல்லாத வீட்டுப் பெண் எந்தச் சம்பளத்தைக் காப்பீடு செய்வார்?

1973இல் நியூசிலாந்து சட்டத்தைத் திருத்தி உள்ளே அழைத்துக்கொண்டது இவர்களைத்தான். 1997இல் ஆட்டியா எழுதிய மருந்துச் சீட்டு அதே ஆட்களை மறுபடியும் வாசலில் நிறுத்துகிறது.

இன்னொரு கேள்வி. கம்பெனியே கவிழ்ந்தால்? 2001 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான ஹெச்.ஐ.ஹெச். திவாலானது. நஷ்டம் 500 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். பாலிசிதாரர்களைக் காப்பாற்ற அரசு தனியாக ஒரு உதவித் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. "அரசு வேண்டாம், சந்தை போதும்" என்று தொடங்கிய பயணம் எங்கே போய் முடிந்தது பாருங்கள். கடைசியில் அரசுதான் வந்து தாங்க வேண்டும் என்றால், முதலிலேயே ஒழுங்காக நிற்கச் சொல்வதில் என்ன தப்பு?

நியூசிலாந்தும் ஒருமுறை இந்தச் சபலத்தில் விழுந்தது. 1999 ஜூலையில் வேலையிட விபத்துக் காப்பீட்டைத் தனியார் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஆட்சி மாறியது. ஒரே வருஷத்தில், 2000 ஜூலையில், பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

எதிர்க் கேள்விகள்

"அப்போ தப்புச் செய்தவனுக்குத் தண்டனையே இல்லையா?" உண்டு. குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு ஜெயில் இருக்கிறது, லைசென்ஸ் ரத்து இருக்கிறது. பாதுகாப்பு இல்லாத தொழிற்சாலைக்கு அபராதம், பூட்டு இருக்கின்றன. அதையெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கிக்கொள்ள முடியாது. தப்புச் செய்தவன் மேலேயேதான் விழும். நஷ்டஈட்டு வழக்குதான் தண்டனை என்று நம்புகிறவர்கள், அந்தச் செக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று ஒருமுறை பார்க்கட்டும். இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் பணம் போவது அரசு மருத்துவப் பட்ஜெட்டில் இருந்து. சமீப வருஷங்களில் இது ஆண்டுக்கு 200 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. அடுத்த நோயாளிக்குச் செலவாக வேண்டிய பணம் அது. தவறு செய்த டாக்டர் இதில் கொடுப்பது ஒன்றுமில்லை.

"நியூசிலாந்துத் திட்டம் குறையே இல்லாததா?" இல்லை. பெரிய குறை ஒன்று உண்டு. விபத்துக்குக் கிடைப்பது சாதாரண நோய்க்குக் கிடைக்காது. ஏணியில் இருந்து விழுந்தவர் உள்ளே, பக்கவாதம் வந்தவர் வெளியே. நம்முடைய மூன்றாவது வீட்டுக்காரருக்கு அங்கேயும் முழு நியாயம் இல்லை. ஆனால் இந்தக் குறை, திட்டத்தை விரிக்கச் சொல்லும் காரணம். மறுபடி லாட்டரிக்குப் போகச் சொல்லும் காரணம் ஆகாது. ஆஸ்திரேலியா 2013இல் கொண்டுவந்த தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில், 65 வயதுக்கு முன் சேருகிறவர்களிடம் ஊனம் எப்படி வந்தது, யார் காரணம் என்று கேட்பதில்லை. என்ன தேவை என்றுதான் கேட்கிறார்கள். அதன் செலவைப் பற்றி அங்கே பெரிய சண்டை நடக்கிறது. நடக்கட்டும். சரியான கேள்வியைக் கேட்டுவிட்டுச் செலவைப் பற்றிச் சண்டை போடுவது எவ்வளவோ மேல்.

"எல்லாருக்கும் கொடுத்தால் ஒருத்தருக்கும் நிறையக் கிடைக்காதே?" ஆமாம். முதல் வீட்டுக்காரருக்கு இப்போது கிடைப்பதை விடக் குறையத்தான் செய்யும். லாட்டரியை மூடினால் பரிசு விழுந்திருக்க வேண்டியவருக்கு நஷ்டம்தான். அதற்காக நூற்றில் தொண்ணூற்று மூணு பேர் சீட்டு வாங்கி ஏமாந்துகொண்டே இருக்க வேண்டுமா?

யாருக்கு லாபம்?

ஐம்பது வருஷமாகத் தெரிந்த உண்மை ஏன் சட்டமாகவில்லை? ஒரு பவுண்டுக்கு 85 பென்ஸ் என்பது ஒருத்தருக்குச் செலவு என்றால் இன்னொருத்தருக்கு வருமானம். டபுள் என்ட்ரியின் முதல் பாடம் இது.

இங்கிலாந்தில் காயவழக்குகளுக்கான அரசு சட்ட உதவி 2000ஆவது ஆண்டில் பெரும்பாலும் நின்றது. ஜெயித்தால் ஃபீஸ் என்ற முறை அந்த இடத்தைப் பிடித்தது. "அடிபட்டதா? எங்களிடம் வாருங்கள்" என்று டிவியில் விளம்பரம் செய்யும் கம்பெனிகள் முளைத்தன. அவற்றில் பெரிய கம்பெனியான ஆக்சிடென்ட் குரூப் 2003 மே மாதம் திவாலானபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மொபைலில் எஸ்.எம்.எஸ். அனுப்பி வேலை போனதைத் தெரிவித்தது. அடிபட்டவர்களுக்கு நியாயம் வாங்கித் தருவதாகச் சொன்ன கம்பெனி!

பிறகு அரசு என்ன செய்தது? கார் மோதலில் கழுத்துச் சுளுக்கு என்று வரும் க்ளெய்ம்கள் பெருகிவிட்டன என்று 2021 மே மாதத்திலிருந்து ஒரு ரேட் கார்டு போட்டது. மூன்று மாதத்துக்குள் சரியாகிற சுளுக்குக்கு 240 பவுண்டு என்று அப்போது தொடங்கிய பட்டியல். சின்னக் காயக்காரரின் தொகையை வெட்டினார்கள், சரி. ஆனால் பணம் கிடைக்க இன்னமும் அடுத்தவர் மேல் தப்பு இருக்க வேண்டும். லாட்டரி அப்படியே இருக்கிறது, பரிசுத் தொகையை மட்டும் குறைத்திருக்கிறார்கள். சீர்திருத்தத்தில் இது ஒரு வகை போல.

ஆட்டியாவின் 1970ஆம் வருஷத்துப் புத்தகத்தை, 1987இல் வந்த நாலாம் பதிப்பிலிருந்து ஆஸ்திரேலியப் பேராசிரியர் பீட்டர் கேன் பொறுப்பேற்றுப் புதுப்பித்து வந்தார். புத்தகத்தின் பெயரிலேயே ஆட்டியா என்று சேர்த்துவிட்டார்கள். ஒன்பதாம் பதிப்பு 2018இல், அவர் இறந்த அதே வருஷம் வந்தது. சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். "கவனக்குறைவுச் சட்டம் ஒரு லாட்டரி, விவாதிக்க" என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கக்கூடிய பிள்ளைகள்தான். படித்து முடித்து அதே லாட்டரியில் சீட்டு விற்கும் வேலைக்குப் போய்ச் சேருகிறார்கள்.

கார்ட்டூம், கானா, கான்பெரா, ஆக்ஸ்ஃபோர்டு என்று நாலு திசையிலும் வேலை பார்த்த ஒரு மனிதரை மதிப்பது என்றால் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. 1997ஆம் வருஷத்துப் புத்தகத்தில் இருந்து நோயின் விவரத்தை எடுத்துக்கொள்வோம். மருந்தை 1970ஆம் வருஷத்துப் புத்தகத்தில் இருந்து எடுத்துக்கொள்வோம். யார் மோதினார்கள் என்ற கேள்வி போலீசுக்கும் கோர்ட்டுக்கும் உரியது. மூன்று வீட்டிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சக்கர நாற்காலி வந்து சேர்ந்ததா என்பதுதான்.